கிண்ணியா வெள்ளை நரி: ஒரு திருத்தம்

திருகோணமலையில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் 'இறக்கம்'. பேருந்தில் நான் இறங்க வேண்டிய இடம் வந்ததும் எங்கள் ஊர் வழக்கப்படி, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றேன். ஓட்டுநர் திரும்பிப் பார்க்கவில்லை. நடத்துநர் மட்டும், எனக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தவர்போல அக்கறையாகப் பார்த்தார். அடுத்த நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு பெண் சாதாரணக் குரலில் "இறக்கம்" என்றார். பேருந்து உடனே நின்றது. நானும் அவர் பின்னாலேயே இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு பதினெட்டு நிமிடம் திரும்பி நடந்தேன்.

நடக்கும்போது கடவுச்சீட்டு இருக்கிறதா என்று நான்கு முறை தொட்டுப் பார்த்தேன். எதிரே புள்ளிமான்கள் மூன்று வந்தன. எங்கள் ஊரில் மாடு நடப்பதுபோல் சாலையோரம் நடந்து, ஒரு கடை வாசலில் கிடந்த முட்டைக்கோஸ் இலையைத் தின்றன. யாரும் பார்க்கவில்லை. காட்டு விலங்கு தெருவில் நின்றாலும் கண்டுகொள்ளாத ஊர் இது என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி தவறானது என்று தெரிய இரண்டு நாள் ஆனது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியில், குழந்தைகளுக்கான அறிவியல் நூல்கள் வெளியிடும் ஒரு பதிப்பகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மெய்ப்புப் பார்க்கிறேன். விலங்குகளின் அரிய நிறங்களைப் பற்றிய நூல் அச்சுக்குத் தயாராக இருந்தது. அதில் ஒரு பக்கம் கயோட்டிக்கு. கயோட்டி அமெரிக்காவில் வாழும், நம் நரிக்கு உறவான விலங்கு. பெரும்பாலும் சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். மிக அரிதாகக் கறுப்பாகவும், அதைவிட அரிதாக வெள்ளையாகவும் பிறக்கும். கறுப்பு நிறம் எப்போதோ நாய்களோடு ஏற்பட்ட கலப்பால் வந்தது என்கிறார்கள். நம் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்றும் வேண்டும் என்று எங்கள் பதிப்பாசிரியர் தேடியபோது, கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர் கைப்பேசியில் எடுத்த படம் அனுப்பினார். வயல் வரப்பில் ஒரு வெள்ளை நரி.

படம் உண்மையானதா என்று நேரில் பார்த்து வர என்னை அனுப்பினார்கள். காரணம் உண்டு. முந்தைய நூலில், சாயம் பூசிய கோழிக்குஞ்சு ஒன்றை அரிய நிறப் பறவை என்று அச்சிட்டுவிட்டோம். நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி, இது சாயம்தானே என்று கடிதம் எழுதிக் கேட்டாள். அந்தப் பக்கத்தின் மெய்ப்பில் இருந்த கையெழுத்து என்னுடையது. அதற்குப் பிறகு நான் சரியாகத் தூங்கிய நாட்களை எண்ணிவிடலாம்.

தங்கிய இடம், துறைமுகத்தைப் பார்த்த தெருவில் சாந்தி அக்காவின் வீட்டு மாடி அறை. அறுபது வயதிருக்கும். மாலையில் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார். எங்கள் பக்கம் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து. இங்கே அன்றாடம். நான் வந்த காரியத்தைக் கேட்டதும் அகப்பை அப்படியே நின்றது.

"நரி பார்க்கவோ வந்தனீங்கள்? கப்பல் பார்க்க வருவினம், திமிங்கிலம் பார்க்க வருவினம். நரிக்கு ஒருத்தரும் வந்ததா நான் அறியேல்லை, பிள்ளை. அது விசர் பிடிச்ச நரியா இருந்தால் என்ன செய்வியள்?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. அன்று குறிப்பேட்டில், 'வெறிநோய்: எத்தனை அடி தூரம் பாதுகாப்பு? விசாரிக்க வேண்டும்' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு தவம் என்பவரின் ஆட்டோவில் கிண்ணியாவுக்குப் புறப்பட்டேன். சாந்தி அக்கா ஏற்பாடு செய்தவர். நாற்பது வயது, நெற்றி நிறையத் திருநீறு, ஓயாத பேச்சு. பாலம் ஏறுவதற்கு முன்பே அவர் அப்பாவின் காணி வழக்கு எனக்கு முழுதும் தெரிந்துவிட்டது. குளத்தடி வயல் இரண்டு ஏக்கர். போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வேறொருவர் விதைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடமாக வழக்கு. நீதிமன்றத்தில் அடுத்த தவணை வரும் திங்கள்.

"காணி உறுதிப் பத்திரம் எங்களிட்டயும் இருக்கு, அவரிட்டயும் இருக்கு. எங்கட லோயர் நல்லவர். ஆனா நல்லவரா இருந்து என்ன செய்யிறது அக்கா?"

பாலம் தாண்டியதும் கிளச் வயர் அறுந்தது. பக்கத்துக் கடையில் புதியதை வாங்கி, முப்பத்தைந்து நிமிடத்தில் மாட்டினார். அறுந்த வயரின் முனை பிரியாமல் சிவப்பு நாடா சுற்றி, வளையமாகச் சுருட்டி இருக்கைக்கு அடியில் வைத்தார். "எறியக்கூடாது. எதுக்கும் உதவும்," என்றார். பொருட்களை வீணாக்காதவர் என்று அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

படம் அனுப்பிய ஜவ்பர் நானா மின்சார மீற்றர் வாசிப்பவர்; 'நானா' என்றால் இங்கே அண்ணன். ஐம்பத்தாறு வயது. காதில் பேனா, சட்டைப் பையில் இன்னொரு பேனா. பார்த்ததும் என்னைப்போல் ஒருவர் என்று தோன்றியது. கதிரையில் உட்காரச் சொல்லி, சட்டியோடு எருமைத் தயிரும், வெல்லப் பாகுபோன்ற பாணியும் கொண்டுவந்து வைத்தார் அவர் மனைவி. கத்தியால் வெட்டி எடுக்கலாம் போன்ற தயிர். நான் மோராகக் குடித்துப் பழகியவள். இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

"வந்ததுக்கு அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும், மிஸ்," என்றார் அவர் மனைவி. "ஒரு வருசமா இந்த மனிசன் வெளியில தலை காட்ட ஏலாமத் திரியிறார்."

"சும்மா இரி நீ," என்றார் ஜவ்பர் நானா.

மனைவி சும்மா இருக்கவில்லை. நானா நரியைப் பார்த்தது அறுவடைக் காலத்தில், ஒரு விடியற்காலை. தேத்தண்ணிக் கடையில் சொன்னார். சிரித்தார்கள். படத்தைக் காட்டினார், அதுவும் பெரிதாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் பெயர் வெள்ளை நரி. மற்றவருக்கென்றால் பகிடியோடு போயிருக்கும். இவர் வேலை, கண்ணால் பார்த்ததைச் சரியாக எழுதுவது. பில் கூடி வந்த வீடுகளில், "இல்லாத நரியக் கண்ட கண்ணு, இல்லாத யூனிட்டக் காணாதா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இரண்டு பேர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டும் இருந்தார்கள்.

"நான் வாசிச்சதுல ஒண்டும் பிழை இல்ல மிஸ். போய்ப் பார்த்தாங்க, சரியாத்தான் இரிக்கி எண்டு சொன்னாங்க. எண்டாலும் பேர் போன பேர்தானே." தயிர்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்கட புத்தகத்துல ஒரு வரி வந்தாப் போதும்."

படம் அவர் கைப்பேசியில் பெரிதாக்கப் பெரிதாக்கக் கலங்கியது. மெல்லிய கால், கூர்மையான முகம், தாழ்ந்த வால். நரிபோல்தான் இருந்தது. ஆனால் இரு காதுகளுக்கும் நடுவே, நெற்றியில், ஒரு கறுப்புப் புள்ளி. கண்ணாடியில் ஒட்டிய தூசியா, விலங்கின் நிறமா? நிறமென்றால் இது முழு வெண்மை அல்ல, அங்கங்கே மட்டும் நிறம் இழந்த வகை. பட விளக்கமே மாறிவிடும்.

எனவே நான்கு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்று, கண் என்ன நிறம். இரண்டு, மூக்கு நுனி என்ன நிறம். மூன்று, வால் நுனி. நான்கு, நெற்றியில் ஏதாவது தெரிந்ததா. யாரிடம் கேட்டாலும் இதே வரிசை, இதே சொற்கள். இல்லாவிட்டால் பதில்களை ஒப்பிட முடியாது.

அன்று ஜவ்பர் நானாவையும் கூட்டிக்கொண்டு போய் ஆறு பேரைக் கேட்டேன். வயல்காரர்கள் மூவர், மாடு மேய்ப்பவர் ஒருவர், தேத்தண்ணிக் கடைக்காரர், குறிஞ்சாக்கேணியில் களப்பு எனப்படும் உப்பங்கழியோரம் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு ராத்தா, அதாவது அக்கா. இரண்டு பேர் வெள்ளையாக ஏதோ ஓடியதைப் பார்த்திருந்தார்கள். மற்றவர்கள் கேள்விப்பட்டதோடு சரி. ராத்தா மட்டும் ஜவ்பர் நானாவைப் பார்த்து, "நானா, எங்கட மீற்றரையும் வடிவாப் பாருங்க. எட்டெண்டு நினைச்சு நரிய எழுதிராதீங்க," என்றார். அவர் சிரிக்க முயன்றார்.

முதல் மூன்று கேள்விக்கும் எல்லாரும் தெரிந்ததையோ, தெரியாது என்றோ சாதாரணமாகச் சொன்னார்கள். நான்காவது கேள்வியில் ஒவ்வொருவரிடமும் ஒரு மாற்றம். கடைக்காரர் துணியால் மேசையைத் துடைப்பதை நிறுத்தினார். மாடு மேய்ப்பவர் என்னையும் தவத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நெத்தியா?" என்றார். ராத்தா புன்னகைத்து, "அது உங்களுக்குத்தானே மிஸ் தெரியும்," என்றார். என் குறிப்பேட்டில் கேள்வி நான்குக்கு நேராக, 'பதில் இல்லை; சிரித்தார்' என்று மூன்று இடத்தில் இருக்கிறது. தவம் ஆட்டோவை விட்டிறங்கி என் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பேச்சு குறைந்துபோயிருந்ததை நான் கவனிக்கவில்லை.

கடைசியாக, நரியைக் கண்ட இடத்தைப் பார்த்தோம். கந்தளாய்ப் பக்கம் போகும் வயல் வீதி. ஒரு புறம் வயல், மறுபுறம் பற்றை எனப்படும் ஈச்சம் புதர். இடத்தைத் துல்லியமாகச் சொல்ல ஜவ்பர் நானாவிடம் வழி இருந்தது. மின்கம்பத்தில் எழுதியிருந்த இலக்கத்தைச் சொன்னார். நான் உரக்கத் திருப்பிச் சொல்லி, எழுதி, மறுபடி வாசித்துச் சரிபார்த்தேன். மெய்ப்புப் பார்ப்பவர்களின் பழக்கம் அது.

வியாழன் காலை தவம் வரவில்லை. ஏழு, ஏழேகால், ஏழரை. கைப்பேசியையும் எடுக்கவில்லை. விபத்தா, உடம்புக்கு முடியவில்லையா, நான் ஏதும் தவறாகப் பேசிவிட்டேனா என்று யோசித்து, தெருமுனைக் கடைக்குப் போய் மீன் பணிஸ் என்கிற ரொட்டியும் பிளேன்டீயும் சொன்னேன். வெறுந்தேநீருக்குச் சீனி தனியாகக் கையில் தருவார்கள் என்று சாந்தி அக்கா சொல்லியிருந்தும், மறந்து கலக்கிவிட்டேன்.

பக்கத்து மேசைப் பெரியவர் ஒருவர் கதிரையை என் பக்கம் நகர்த்தினார். வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு கோப்பு. குரலைத் தாழ்த்தி, "அம்மா இந்தியாவோ? கிடைச்சதோ?" என்றார்.

"எது?"

"எனக்குச் சொல்லலாம். நானும் கோட்டுக்குத்தான் போறன்."

நான் விழித்ததைப் பார்த்து அவர் தன் நெற்றியை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார். "கிடைச்சது சின்னதா எண்டாலும் ஒருக்காப் பார்க்கலாமோ எண்டுதான்."

பணிஸைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். சாந்தி அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னதும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து சிரித்தார்.

"நரிக்கொம்பு, பிள்ளை. நீங்கள் நரிக்கொம்பு எடுக்க வந்திருக்கிறீங்கள் எண்டு ஊர் முழுக்கக் கதை. எனக்கு இரவே ரெண்டு பேர் போன் எடுத்தவை."

நரிக்கொம்பு. எனக்குத் தெரியாத சொல்லா அது. எங்கள் ஊர்த் திருவிழாக் கடையில் நானே சிறு வயதில் பார்த்திருக்கிறேன்; மயிரோடு கூடிய ஏதோ ஒரு முனை. ஏமாற்று வேலை என்று ஒதுக்கி, மறந்தேபோனது. கூட்டத்துத் தலைமை நரிக்கு மட்டும் நெற்றி மயிருக்குள் சிறிய கொம்பு ஒன்று இருக்குமாம். அது கையில் இருந்தால் வழக்குத் தோற்காதாம்.

"எங்கட பெரியப்பா ஒருத்தர் கோட்டுக்குப் போகேக்க சட்டைப் பையில வைச்சுக்கொண்டு போனவர்," என்றார் சாந்தி அக்கா.

"வென்றாரா?"

"தோத்தவர். ஆனா கொம்பு பொய் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. லோயர் பிழை எண்டுதான் சொன்னவை."

அவர் சிரிப்பில் என்னால் சேர முடியவில்லை. எண்ணிப் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து ஒருத்தி வருகிறாள். சாதாரண நரி இல்லை, வெள்ளை நரி. ஆறு பேரை நிறுத்தி, நெற்றியில் என்ன இருந்தது என்று கேட்கிறாள். பதிலை எழுதிக்கொள்கிறாள். இதற்கு வேறென்ன பொருள் இருக்க முடியும்? திங்கள்கிழமை தவணை. தவம் வரவில்லை. கம்ப இலக்கத்தை நான் உரக்க வாசித்திருக்கிறேன். கொம்பைத் தேடி அவர் அங்கேதான் போயிருக்க வேண்டும்.

வேறு ஆட்டோ பிடித்துக் கிண்ணியாவுக்குப் போனேன். ஜவ்பர் நானா வேலையில் இருந்தார். மாலை நாலரை மணிக்குத்தான் வந்தார். அவர் முகத்தில் நான் முந்தைய நாள் பார்க்காத ஒளி இருந்தது. "இண்டைக்கு ஒருத்தனும் வெள்ளை நரி எண்டு கூப்பிடல்ல, மிஸ். கடைக்காரன் எழும்பி நிண்டு ஜவ்பர் நானா எண்டான். 'நீங்க சொன்னது மெய்தானே, இல்லாட்டி இந்தியாவுல இரிந்து வருவாங்களா?' எண்டு கேக்கிறாங்க."

நான் விஷயத்தைச் சொன்னேன். ஒளி அப்படியே அணைந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்தார். பின்னால் உட்கார்ந்துகொண்டேன். இந்த வயதில், வேற்று நாட்டில், ஒரு கையால் பையையும் மறு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு அந்தக் கல்வீதியில் போனதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கம்பத்தடிக்கு வந்தபோது ஐந்து மணி பத்து நிமிடம். வயலில் யாருமில்லை. பற்றைக்கும் வயலுக்கும் நடுவே முள்வேலி, அதில் ஒரு இடைவெளி. விலங்குகள் போய் வந்து மண் வழுவழுப்பாகியிருந்தது. நாங்கள் வரப்பில் ஐம்பது அடி தள்ளி நின்றோம். "அந்தப் பொட்டாலதான் வெளிய வாறது," என்று மெல்லச் சொன்னார். அப்போதே அது வந்தது.

பற்றையின் இருட்டிலிருந்து வெள்ளையாக, சத்தமே இல்லாமல். பால் வெள்ளை இல்லை. பழைய தாளின் வெள்ளை. வேலியை நோக்கி, தினமும் போகும் வழியில் போகிற நிதானத்தோடு நடந்தது. இடைவெளியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சாய்ந்த வெயில் பட்டு ஒரு கோடு மின்னியது. மெல்லிய வளையம். கண்ணி. அதன் அடியில் சிவப்பாக ஏதோ சுற்றியிருந்தது.

நான் கத்த வேண்டும். என்ன சொல்லிக் கத்துவது? 'நிறுத்து' என்றால் இந்த ஊரில் எதுவும் நிற்பதில்லை. என் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்.

"இறக்கம்!"

நரி நின்றது. திரும்பி எங்களைப் பார்த்தது. நான்கு விநாடி இருக்கும், ஐந்தாகவும் இருக்கலாம். நான் எதையும் எழுதவில்லை, படமும் எடுக்கவில்லை. பார்த்தேன். பிறகு அது ஒரே துள்ளலில் பற்றைக்குள் மறைந்தது.

ஜவ்பர் நானா வேலிக்கு ஓடி வளையத்தைக் கழற்றினார். கிளச் வயர். சிவப்பு நாடா சுற்றிய முனை.

"கலைச்சுப் போட்டீங்களே அக்கா," என்று பின்னால் குரல் கேட்டது. வீதியோர மரத்தடியிலிருந்து தவம் எழுந்து வந்தார். கோபமாகத் தெரியவில்லை. தூங்காதவர்போல் இருந்தார்.

"அதுக்குக் கொம்பு இல்லை தவம்."

"அப்ப ஏன் ஆறு பேரிட்டயும் நெத்தியைக் கேட்டீங்கள்?"

நிறம் இழப்பதைப் பற்றியும் கறுப்புப் புள்ளியைப் பற்றியும் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு நம்ப முடியாததாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. ஒரு புள்ளிக்காகக் கடல் தாண்டி வருவார்களா?

"பன்னிரண்டு வருசம் அக்கா. அப்பா போன வருசம் காலமாயிட்டார். நான் ஒண்டும் பிறத்தியான்ர காணி கேக்கேல்லை." வயரைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார், பிறகு கையை இறக்கிக்கொண்டார். "நானும் இப்ப பார்த்தனான். மயிர்தான். தெரியுது. நான் இனி வரமாட்டன். ஆனா நான் விட்டால் மற்றவை விடுவினமோ? காலமை ரெண்டு பேர் வந்து இடம் எது எண்டு கேட்டவை. நான் வேற இடம் சொல்லி அனுப்பினனான். நாளைக்கு ஆரும் தேடிக்கொண்டு வருவினம்."

வனவிலங்கு அலுவலகத்துக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். "சொன்னா ஜீப் வரும்," என்றார் ஜவ்பர் நானா. "ஜீப் வந்தா அதுக்குப் பின்னால ஊரே வரும்." வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். சுருட்டி முடித்தும் கை நிற்கவில்லை. "மிஸ், ஒரு வருசமா நான் பொய்யன் எண்டு இரிந்தன். அது உசிரோட இரிந்திச்சு. நான் சொன்னது மெய்யெண்டு ஆகி ரெண்டே நாள். வயர் வந்துட்டு."

என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. புரியாததுபோல் நின்றேன்.

"அது நரி இல்ல எண்டு நான் சொன்னா நம்பமாட்டாங்க. மறைக்கிறன் எண்டு நினைப்பாங்க. நீங்கதான் சொல்லணும். நாளைக்கு ஜும்ஆவுக்குப் பிறகு கடை நிறைஞ்சிரிக்கும்."

அன்று இரவு சாந்தி அக்காவின் பிட்டுக்கும் மீன் குழம்புக்கும் நடுவே குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம் மற்றவர் பிழையைத் திருத்தியே சம்பளம் வாங்கியிருக்கிறேன். தெரிந்தே ஒரு பிழையை நானே சொன்னதில்லை. அதிலும், தன் பெயரைக் காப்பாற்றுவேன் என்று என்னை நம்பியிருந்த மனிதரின் முன்னால்.

வெள்ளிக்கிழமை ஒன்றே காலுக்குத் தொழுகை முடிந்து கடை நிரம்பியது. எனக்குக் கதிரை போட்டார்கள். ஜவ்பர் நானா வாசலோரம் நின்றார். கடைக்காரர் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லாரும் என் குறிப்பேட்டைத்தான் பார்த்தார்கள். நான் அதைத் திறந்தேன். வெற்றுப் பக்கம். அதைப் பார்த்து வாசித்தேன்.

"நேத்து சாயங்காலம் நேர்ல பார்த்தேன். அது நரி இல்லை. நாய். வெள்ளை நாய். நெத்தியில இருந்தது அழுக்கு."

கடை சிரிப்பில் வெடித்தது. ஒருவர் மேசையைத் தட்டினார். "நாய்க்கா நானா ஒரு வருசம் நிண்டு கதைச்ச?" என்றார் ஒருவர். "பேர மாத்துங்கடா," என்றார் இன்னொருவர், "வெள்ளை நாய் எண்டு." ஓரமாக இருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மாடு மேய்ப்பவர். "வடிவாப் பார்த்தீங்களா? தூரத்துல நரியும் நாய் மாதிரித்தான் தெரியும்," என்றார்.

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பொய்க்கு இரண்டாவது வரி தயாராக இல்லை.

"நாய்தான்." வாசலுக்கு வெளியே, ஆட்டோவில் சாய்ந்தபடி தவம். "நானும் நிண்டு பார்த்தனான். குலைச்சதே. நரி குலைக்குமோ?"

அதோடு முடிந்தது. மாடு மேய்ப்பவரும் சிரித்துவிட்டார். ஜவ்பர் நானாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இம்முறை சீனியைக் கையில் வைத்து நக்கிக் குடித்தேன். அதை ஒருவர் பாராட்டினார்.

சனிக்கிழமை காலை புறப்படும்போது தவம்தான் பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். வழக்கைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "திங்கக்கிழமை ஒருக்கா எங்களையும் நினைச்சுக்கொள்ளுங்கோ அக்கா," என்றார். பேருந்தில் உட்கார்ந்து குறிப்பேட்டை எடுத்து, கம்ப இலக்கம் இருந்த வரியை மையால் முழுதும் மறைத்தேன். என் குறிப்பேடுகளில் படிக்க முடியாதபடி அடித்த வரி அது ஒன்றுதான். பதிப்பாசிரியரிடம், உறுதி செய்ய முடியவில்லை என்று சொன்னேன். நூல் அமெரிக்கக் கயோட்டியோடு மட்டும் வந்தது.

திங்கட்கிழமை நினைத்துக்கொண்டேன். தவணை தள்ளிவைக்கப்பட்டதாகப் பின்னால் சாந்தி அக்கா சொன்னார்.

ஜவ்பர் நானா மாதம் ஒருமுறை அழைப்பார். சுற்றி ஆட்கள் இருந்தால், "நாய் சுகமா இரிக்கி மிஸ்," என்பார். மாரி மழைக்குப் பிறகு ஒரு நாள் அழைத்தார். இரண்டு மாதமாகக் காணவில்லை என்றார். கண்ணி இல்லை, இரத்தம் இல்லை, யாரும் எதையும் விற்கவும் இல்லை, அவர் விசாரித்துவிட்டார். வயதாகியிருக்கலாம், வேறு பக்கம் போயிருக்கலாம். பற்றையடியில் பழுப்பு நரிகள் இரண்டைப் பார்த்தாராம்.

"இனி எழுதலாம் மிஸ்," என்றார்.

எனவே எழுதுகிறேன். கிண்ணியாத் தேத்தண்ணிக் கடையில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், நாற்பது பேர் முன்னால் நான் வாசித்தது பிழை. திருத்தம் பின்வருமாறு. கண்: தேன் நிறம். மூக்கு நுனி: கறுப்பு. வால் நுனி: சாம்பல். நெற்றி: ஒரு கொத்துக் கறுப்பு மயிர், வேறொன்றும் இல்லை.

அது நரி. ஜவ்பர் நானா சரியாகத்தான் வாசித்திருக்கிறார்.